மனைவி பேரில் வரும் இரண்டாம் சம்பளம்

கேள்வி: எனக்கு 33 வயது. சென்னை சோழிங்கநல்லூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் டெஸ்டிங் வேலை. ஆண்டுச் சம்பளம் 11 லட்சம். வீட்டுக் கடன் தவணை, அப்பாவின் மருந்து, மகளின் பள்ளிக் கட்டணம் என்று போய், மாதக் கடைசியில் கிரெடிட் கார்டில்தான் ஓட்டுகிறேன். கல்லூரி நண்பன் ஒருவன் மூலமாகக் கோவையில் ஒரு சின்ன கம்பெனிக்குச் செப்டம்பரிலிருந்து இரவு எட்டு முதல் பதினொன்று வரை வேலை செய்து கொடுக்கிறேன். மாதம் 45,000 ரூபாய். என் பெயர் எங்கும் வரக்கூடாது என்பதால் பணம் என் மனைவியின் வங்கிக் கணக்குக்கு வருகிறது. பிடித்தம் எதுவும் இல்லை. மனைவிக்கு வேறு வருமானம் கிடையாது. இப்போது அந்தக் கம்பெனி, “பேரோலில் (சம்பளப் பட்டியலில்) சேர்ந்துவிடுங்கள், பான் நம்பரும் பி.எஃப். கணக்குக்கான யு.ஏ.என். நம்பரும் அனுப்புங்கள். இல்லையென்றால் உங்கள் மனைவி பேரில் பில் கொடுங்கள்” என்கிறது. எது பாதுகாப்பு? என் ஆபீசுக்குத் தெரிந்துவிடுமா? நான் செய்வது தப்பா?

பதில்: தம்பி, உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். சம்பளம் பற்றாமல் ராத்திரி மூன்று மணி நேரம் கூடுதலாக உழைப்பதில் ஒரு தப்பும் இல்லை. என் அப்பா ஒரு நூல் மில் ஆபீசில் குமாஸ்தா. சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்து, முகம் கழுவி, ஒரு டம்ளர் காபி குடித்துவிட்டு, மண்டிக் கடை ஒன்றுக்குக் கணக்கு எழுதப் போய்விடுவார். சிட்டாவிலிருந்து பேரேட்டில் ஏற்றி முடித்து அவர் திரும்பும்போது நாங்கள் தூங்கியிருப்போம். நான் ஆடிட்டருக்குப் படித்ததற்கான பணம் அந்தப் பேரேட்டிலிருந்து வந்தது. அவர் போவது மில் மேனேஜருக்குத் தெரியும். முதல் நாளே போய்க் கேட்டுவிட்டுத்தான் சேர்ந்தார். அதனால் இரண்டாவது வேலை பார்ப்பவர்களை ஏமாற்றுக்காரர்கள் என்று யாராவது ஒரே வார்த்தையில் சொன்னால் எனக்கு மனசு ஒப்பாது.

ஆனால் உங்கள் கடிதத்தில் என்னைத் தூக்கிவாரிப் போட்டது ஒன்று உண்டு. அது நீங்கள் பார்க்கும் இரவு வேலை இல்லை, உங்கள் மனைவியின் வங்கிக் கணக்கு. அதற்கு வருகிறேன். முதலில் பேரோல் விஷயத்தை முடித்துவிடலாம், ஏனென்றால் பலரும் அதைத்தான் பாதுகாப்பானது என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

போன வருஷம் ஆடி மாதம் ஒரு இளைஞர் என் ஆபீசுக்கு வந்தார். கையில் பிளாஸ்டிக் உறை, அதற்குள் இரண்டு ஃபார்ம் 16, அதாவது கொடுத்த சம்பளத்தையும் பிடித்த வரியையும் காட்டிக் கம்பெனி தரும் படிவம். 2024-25ஆம் ஆண்டு முழுவதும் வீட்டிலிருந்தபடியே இரண்டு கம்பெனிக்கு வேலை பார்த்திருக்கிறார். ஒன்றில் 7,60,000, இன்னொன்றில் 7,40,000. இரண்டு படிவத்திலும் வரிப் பிடித்தம் பூஜ்யம். “எனக்கு டாக்ஸே வரவில்லை சார், ரிட்டர்ன் மட்டும் போட்டுக் கொடுங்கள்” என்றார், முகமெல்லாம் சிரிப்பு.

பூஜ்யம் எப்படி வந்தது? ஒவ்வொரு கம்பெனியும் தான் கொடுக்கும் சம்பளம்தான் இவருக்கு ஒரே வருமானம் என்று எடுத்துக்கொண்டது. சம்பளக்காரர் எல்லோருக்கும் கழித்துவிடும் 75,000 ரூபாய் நிலைக்கழிவை (ஸ்டாண்டர்டு டிடக்‌ஷன்) இரண்டுமே தனித்தனியாகக் கொடுத்தன. இரண்டுமே மீதித் தொகை ஏழு லட்சத்துக்குள் இருக்கிறதென்று வரித் தள்ளுபடியையும் கொடுத்தன. ஆனால் ஆள் ஒருவர்தானே. நிலைக்கழிவு ஒரு தடவைதான். நான் இரண்டையும் கூட்டினேன்: 15 லட்சம். 75,000 போனால் 14,25,000. அந்த ஆண்டின் புதிய முறை வரி விகிதப்படி செஸ்ஸோடு சேர்த்து வரி சரியாக 1,30,000 ரூபாய். முன்வரி (வருஷம் முடியும் முன்பே தவணையாகக் கட்ட வேண்டிய வரி) கட்டாததற்கு வட்டி தனியாகப் பதினோராயிரத்துச் சொச்சம். கால்குலேட்டரை அவர் பக்கம் திருப்பிக் காட்டினேன். ரொம்ப நேரம் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் போனை எடுத்துக்கொண்டு வெளியே போய் வீட்டுக்குப் பேசினார். கையில் பணம் இல்லை. தங்கையின் வளையலை அடகு வைத்துத்தான் கட்டினார்.

உங்களுக்கும் அதுதான் நடக்கும். உங்கள் கணக்கு 2025-26 நிதியாண்டுக்கானது. உங்கள் 11 லட்சத்தில் 75,000 கழித்தால் 10,25,000. புதிய வரிமுறையில் 12 லட்சம் வரை தள்ளுபடி இருப்பதால் உங்கள் ஆபீஸ் ஒரு ரூபாய்கூடப் பிடித்திருக்காது. கோவைக் கம்பெனி செப்டம்பரிலிருந்து மார்ச் வரை ஏழு மாதத்துக்கு 3,15,000 ரூபாயைச் சம்பளமாகக் கொடுத்தால் அவர்களும் பிடிக்க மாட்டார்கள். இரண்டையும் கூட்டினால் 14,15,000. கழிவு போக 13,40,000. தள்ளுபடி வரம்பைத் தாண்டிவிட்டீர்கள், ஆகவே வரி 84,240 ரூபாய். கிட்டத்தட்ட இரண்டு மாத இரவு வேலை அதற்கே போய்விடும்.

பேரோலில் இன்னொரு சிக்கல் பி.எஃப். நீங்கள் ஏற்கெனவே பி.எஃப். உறுப்பினர். ஆகவே அந்தக் கம்பெனி பி.எஃப். சட்டத்துக்குள் வருகிற கம்பெனியாக இருந்தால் உங்களைச் சேர்க்காமல் விட முடியாது. ஒரு ஆளுக்கு ஒரு யு.ஏ.என்.தான். அதன் கீழே எந்த நிறுவனம், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று வரிசையாக நிற்கும். இரண்டு நிறுவனங்களின் தேதிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நின்றால், அதைப் பார்க்க ஆடிட்டர் வேண்டியதில்லை. நாளைக்கு நீங்கள் வேறு வேலைக்குப் போகும்போது பின்னணிச் சரிபார்ப்புக்கு வரும் ஏஜென்சி முதலில் கேட்பதே இந்த விவரத்தைத்தான்.

ஆபீசுக்குத் தெரியுமா என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் வருமான வரிக் கணக்கை, அதாவது உங்கள் வரவுகளும் வரிப் பிடித்தமும் பதிவாகும் 26ஏஎஸ், ஏ.ஐ.எஸ். போன்ற அறிக்கைகளை, உங்கள் நிறுவனம் தானாகத் திறந்து பார்க்க முடியாது. அது உங்களுக்கும் வரித்துறைக்கும் உள்ளது. ஆனால் புது வேலைக்கோ விசாவுக்கோ வங்கிக் கடனுக்கோ அதே தாள்களை நீங்களே கையில் எடுத்துக் கொடுக்க வேண்டி வரும். இன்னொன்று, கூட வேலை செய்பவர்கள் சொல்லிவிடுவார்கள். நான் பார்த்த வரைக்கும் முக்கால்வாசிப் பேர் மாட்டிக்கொள்வது தாளில் இல்லை, டீக்கடைப் பேச்சில்தான்.

சரி, மனைவி விஷயம்.

பில்லை அவர் பேரில் போடு என்று அந்தக் கம்பெனி சொல்வது அவர்களுக்கு வசதி. செலவுக்கு ஒரு தாள் வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அந்தத் தாளில் என்ன இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். “மென்பொருள் சோதனைப் பணிக்காக” என்று எழுதி, கீழே உங்கள் மனைவி கையெழுத்துப் போட வேண்டும். அவர் பான் நம்பரில் பத்து சதவீதம் டி.டி.எஸ்., அதாவது வரிப் பிடித்தம், செய்வார்கள். அதைத் திரும்பப் பெற அவர் ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டும். அந்த ரிட்டர்னின் கடைசியில், இதில் சொன்னதெல்லாம் உண்மை என்ற உறுதிமொழி அவர் பேரில்தான் இருக்கும். என்றாவது ஒரு நோட்டீஸ் வந்து, ‘நீங்கள் செய்த வேலை என்ன, உங்கள் தகுதி என்ன’ என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் அவர். அவர் என்ன சொல்வார்? சட்டத்தின் கண்ணில் வருமானம் என்பது பணம் போய்ச் சேரும் கணக்கை வைத்து முடிவாவது இல்லை. உழைத்தவர் யாரோ அவருடைய வருமானம் அது. செப்டம்பர் முதல் டிசம்பர் வரை உங்கள் மனைவி கணக்கில் விழுந்த 1,80,000 ரூபாயும் இந்த நிமிஷமும் உங்கள் வருமானம்தான்.

வீட்டில் இருக்கும் பெண்ணின் பான் கார்டை ரேஷன் கார்டு மாதிரிக் குடும்பப் பொதுச் சொத்தாக நினைக்கிற பழக்கம் நம்மிடம் நிறைய இருக்கிறது. வாடகையை அவர் பேரில் காட்டு, கமிஷனை அவர் பேரில் காட்டு என்று வருகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். ஒருவரிடமும் மனைவியைக் கேட்டீர்களா என்று நான் கேட்காமல் விட்டதில்லை. பதில் பெரும்பாலும், “அவளுக்கு இதெல்லாம் புரியாது சார்.” புரியாதவரைத்தான் கையெழுத்துப் போடச் சொல்கிறோம். எனக்கு இது கோபம் வருகிற விஷயம். அதனால் கொஞ்சம் அழுத்திச் சொல்லிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இதில் என்னை ரொம்ப வருத்தப்படுத்தியது எது தெரியுமா? இவ்வளவு மறைப்புக்கும் வரியைப் பொறுத்தவரை தேவையே இருக்கவில்லை. உங்கள் பேரிலேயே பில் போட்டுத் தொழில்முறைக் கட்டணமாக வாங்கியிருந்தால், தகவல் தொழில்நுட்பம், தொழில்நுட்ப ஆலோசனை போன்ற தொழில்களுக்கு இருக்கும் அனுமான வருமான முறையில் வரவில் பாதியை வருமானமாகக் காட்டினால் போதும். பாதிக்குக் குறையாமல் காட்ட வேண்டும், கூடக் காட்டலாம். செலவுக்கு ரசீது சேர்த்து வைத்துக் கணக்குப் புத்தகம் எழுத வேண்டியதில்லை. 3,15,000-இல் பாதி 1,57,500. சம்பளத்தின் 10,25,000-ஓடு கூட்டினால் 11,82,500. பன்னிரண்டு லட்சத்துக்குள் அடங்கிவிட்டது. இந்த ஆண்டு வரி பூஜ்யம். வங்கி வட்டி மாதிரி வேறு வருமானம் உங்களுக்கு 17,500 ரூபாய்க்குள் இருக்க வேண்டும், அவ்வளவுதான். கோவைக் கம்பெனி பிடிக்கும் 31,500 ரூபாய் டி.டி.எஸ். ரீஃபண்டாக உங்களுக்கே திரும்பி வரும்.

அடுத்த ஆண்டு பன்னிரண்டு மாதமும் இந்த வேலை இருந்தால் இப்படிப் பூஜ்யமாக நிற்காது. 5,40,000 வரவு, அதில் பாதி 2,70,000, மொத்தம் 12,95,000. இதே வரி விகிதத்தில் வரி 77,220. அதில் 54,000 டி.டி.எஸ்ஸாகவே போயிருக்கும். மீதி 23,220 ரூபாயை மார்ச் 15-க்குள் முன்வரியாகக் கட்டிவிட்டால் வட்டி கிடையாது. அதே தொகையைப் பேரோலில் வாங்கினால் வரி 1,19,340. ஜி.எஸ்.டி. பற்றிப் பயப்பட வேண்டாம். சேவைக்கு ஆண்டு வரவு 20 லட்சம் வரை பதிவு தேவையில்லை, உங்கள் சம்பளம் அந்தக் கணக்கில் சேராது.

ஒரு எச்சரிக்கை. பில் என்று தாளில் மட்டும் எழுதிவிட்டு, நடைமுறையில் அவர்கள் சொல்லும் நேரத்தில் லாகின் செய்து, அவர்களிடம் லீவு கேட்டு, மாதாமாதம் ஒரே தொகை வாங்கினால் அது பெயர் மாற்றிய சம்பளம்தான். என்ன வேலை, எப்போது முடித்துக் கொடுப்பது, எவ்வளவு கட்டணம் என்று இரண்டு பக்கத்துக்கு ஒரு ஒப்பந்தம் வேண்டும். உங்கள் சொந்த லேப்டாப், நீங்கள் முடிவு செய்யும் நேரம். ஆபீஸ் லேப்டாப்பில் அந்தக் கோவை வேலையை ஒரு நாள்கூடத் திறக்காதீர்கள்.

வரி இவ்வளவுதான். இனி உங்கள் ஆபீஸ். இங்கே வரிக் கணக்கு மாதிரி துல்லியமாகச் சொல்ல முடியாது, ஏனென்றால் பதில் உங்கள் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் இருக்கிறது. சேர்ந்த அன்று கையெழுத்துப் போட்டு, ஸ்கேன் செய்து, அப்புறம் திறந்தே பார்க்காத தாள் அது. இன்று ராத்திரி எடுத்துப் படியுங்கள். முழு நேரமும் எங்களுக்கே, எழுத்து மூலமான அனுமதி இல்லாமல் வேறு வேலையோ தொழிலோ கூடாது என்ற வரி பெரும்பாலும் இருக்கும். வேலையில் இருக்கும் காலத்தில் நீங்கள் உருவாக்குவது நிறுவனத்துக்குச் சொந்தம் என்ற வரியும் இருக்கலாம். அது கோவைக் கம்பெனிக்குமே ஆபத்து.

சிலர், இந்திய ஒப்பந்தச் சட்டம் 27ஆம் பிரிவு இருக்கிறது, தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்பார்கள். வேலையை விட்ட பிறகான தடைக்கு அது பொருந்தும். வேலையில் இருக்கும்போதே உள்ள கட்டுப்பாட்டை நீதிமன்றங்கள் ஏற்றிருக்கின்றன. தொழிற்சாலைத் தொழிலாளர் ஒரே நாளில் இரண்டு தொழிற்சாலையில் வேலை செய்யக்கூடாது என்று 1948ஆம் ஆண்டுச் சட்டமே சொன்னது. உங்களைப் போன்ற மென்பொருள் ஊழியர் இரண்டாம் வேலை பார்த்தால் ஜெயில் என்று எதுவும் இல்லை. ஒப்பந்தத்தை மீறியதற்காக வேலை போகலாம், அனுபவச் சான்றிதழில் சிக்கல் வரலாம்.

2022 உங்களுக்கு நினைவிருக்கும். ஆகஸ்டில் விப்ரோ தலைவர் ரிஷத் பிரேம்ஜி, இது அப்பட்டமான ஏமாற்று என்று ட்விட்டரில் எழுதினார். அடுத்த மாதமே, போட்டி நிறுவனங்களுக்கும் வேலை பார்த்த 300 பேரை நீக்கியதாகச் சொன்னார். எல்லோருக்கும் அதுதான் நினைவில் தங்கியது. ஆனால் அதே ஆகஸ்டில் ஸ்விகி தன் ஊழியர்கள் வெளிவேலை பார்க்க ஒரு விதிமுறையே வெளியிட்டது. அக்டோபரில் இன்ஃபோசிஸ், போட்டியில்லாத வேலையை, சொந்த நேரத்தில், மேலதிகாரியின் முன் அனுமதியோடு செய்யலாம் என்று ஊழியர்களுக்குத் தெரிவித்தது. ஆகவே கேட்டாலே கழுத்தைப் பிடித்துத் தள்ளிவிடுவார்கள் என்று முன்கூட்டியே முடிவு கட்ட வேண்டாம்.

உங்கள் நிலையில் கேட்பதில் ஒரு கஷ்டம் இருக்கிறது. நான்கு மாதம் ஏற்கெனவே செய்துவிட்டீர்கள். அதை மூடி மறைக்கவா, சொல்லவா? முதலில் இரவு வேலையை நிறுத்துங்கள். கோவைக்கு, கையில் இருப்பதை முடித்துத் தருகிறேன், புதிதாக எடுக்க அனுமதி வர வேண்டும் என்று சொல்லுங்கள். அப்புறம் ஆர்டரை எடுத்துக்கொண்டு, தொழிலாளர் வழக்குகள் பார்க்கும் ஒரு வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரம் உட்காருங்கள். அது என் தொழில் இல்லை, அவருக்கு ஃபீஸ் கொடுத்துக் கேட்க வேண்டிய இடம் இது. அதன் பிறகு எச்.ஆருக்கு மெயில். அலுவலக நேரத்துக்கு வெளியே, சொந்தக் கருவியில், நம் நிறுவனத்துக்கோ நம் வாடிக்கையாளர்களுக்கோ போட்டியில்லாத ஒரு நிறுவனத்துக்கு, வாரம் இத்தனை மணி நேரம் டெஸ்டிங் ஆலோசனை செய்ய அனுமதி வேண்டும் என்று ஐந்து வரி போதும். வாயால் கேட்டு வாயால் பதில் வாங்காதீர்கள். இன்றைய மேனேஜர் அடுத்த வருஷம் அங்கே இருக்க மாட்டார். எப்போதிலிருந்து என்று திருப்பிக் கேட்டால் பொய்த் தேதி சொல்லாதீர்கள்.

முடியாது என்று பதில் வந்தால் கோவை வேலையை விட்டுவிடுங்கள். கசப்பாக இருக்கும். ஆனால் உங்கள் பேரில், உங்கள் கையெழுத்தில் செய்ய முடியாத வேலை ஒவ்வொரு மாதமும் வீட்டில் இன்னொருவரின் தலையில் ஏறிக்கொண்டே போகும். அந்த 45,000-க்கு வெளியே ஒரு கிராக்கி இருக்கிறது என்பது இப்போது உங்களுக்கே தெரிந்துவிட்டது. அதை வைத்து வேறு இடத்தில் நல்ல சம்பளத்துக்குப் பேசுங்கள். கிரெடிட் கார்டு நிலுவைக்கு மாதம் மூன்றரை சதவீதமோ அதற்கு மேலோகூட வட்டி போகலாம். வந்த 1,80,000-இல் மிச்சம் இருப்பதை முதலில் அங்கே கட்டுங்கள். வீட்டுக் கடன் வட்டி எத்தனை சதவீதத்தில் ஓடுகிறது என்று வங்கியில் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள், பழைய கடன்களில் குறைக்க இடம் இருக்கும்.

அந்த நான்கு மாதத்தைச் சரி செய்வது எளிது, ஏனென்றால் உங்கள் மனைவியின் பான் நம்பரில் இன்னும் எதுவும் பிடிக்கப்படவில்லை. செப்டம்பர் முதல் டிசம்பர் வரை செய்த வேலைக்கு உங்கள் பேரில், உங்கள் பான் நம்பரோடு பில் எழுதுங்கள். என் வேண்டுகோளின்படி இந்தத் தொகை என் மனைவியின் வங்கிக் கணக்கில் செலுத்தப்பட்டது என்று தனியாக ஒரு கடிதம் இணையுங்கள். 18,000 ரூபாய் டி.டி.எஸ்ஸை இனி வரும் தொகையில் கழித்துக்கொள்ளச் சொல்லுங்கள், கழிக்க இடமில்லையென்றால் திருப்பி அனுப்பிவிடுங்கள். இதை அனுப்பும் முன், மனைவியை உட்காரவைத்து அவர் கணக்கில் வந்த நான்கு வரவையும் காட்டி, எது எதற்கு என்று சொல்லிவிடுங்கள். பேரோல் படிவத்தில் இப்போதைக்குக் கையெழுத்துப் போட வேண்டாம்.